சிறு செல்லுக்கு ஒரு டோஹர்ட்டி: மூன்று வாட் பவர் ஆம்ப் கட்டிய பதிவு

மின்கம்பத்திலோ கடைவீதிச் சுவரிலோ மாட்டுகிற சிறிய 4ஜி பேஸ் ஸ்டேஷன் (சிறு செல்) ஒன்றுக்கு, ஆண்டெனாவுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் வடிவமைத்துக் கட்டிய அனுபவம் இது. அலைவரிசை பேண்ட் 40, அதாவது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ் அகல எல்டிஇ, அதாவது 4ஜி சிக்னல். இரண்டு ஆண்டெனா, ஒவ்வொன்றின் முனையிலும் சராசரியாக இரண்டரை வாட் அளவில் வர வேண்டும். மின்விசிறி வைக்கக் கூடாது. மின்சாரமும் டேட்டாவும் ஒரே ஈதர்நெட் கேபிளில் வந்தாக வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது. ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் அனுப்புவதற்கான 802.3பிடி தரத்தில் மூன்றாம் வகை என்றால், கருவியின் வாசலுக்கு வந்து சேருவது 51 வாட். பேஸ்பேண்ட் சிப், டிரான்ஸீவர், கடிகாரம், மின்னழுத்த மாற்றிகளின் இழப்பு எல்லாம் சேர்ந்து எங்கள் போர்டு சுமார் 25 வாட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 26 வாட். அதற்குள் இரண்டு பவர் ஆம்ப், அவற்றின் டிரைவர்கள், சிக்னலைத் திருத்தும் டிஜிட்டல் வேலை எல்லாம் அடங்க வேண்டும். அனுப்புவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கும் டிடிடி முறையில் கால்வாசி நேரம் அனுப்பும் பக்கம் ஓய்வில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மின்வழங்கிக்குச் சுமை மில்லிசெகண்ட் கணக்கில் தொடர்ந்து வருகிறது என்பதால், கணக்கை முழு டவுன்லிங்குக்கே, அதாவது ஓயாமல் அனுப்புவதாகவே, போட்டோம்.

ஆம்புக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே சிக்னலை ஒரே திசையில் விடும் சர்குலேட்டரும் ஃபில்டரும் உட்கார்ந்து ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல் தின்றுவிடும். அதனால் ஆம்பின் வாயில் சராசரி 35 டிபிஎம், அதாவது 3.2 வாட் வேண்டும். எல்டிஇ சிக்னலின் உச்சங்களை முன்கூட்டியே நறுக்கிய பிறகும் சராசரிக்கு 8 டெசிபெல் மேலே போகும். ஆக, 3.2 வாட் சராசரிக்கு 20 வாட் தாங்கும் ஆம்ப் தேவை. அலையின் பாதியில் மட்டும் மின்னோட்டம் ஓடும் பி கிளாஸ் ஆம்பின் செயல்திறன் உச்சத்தில் 78.5 விழுக்காடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். உச்சத்திலிருந்து 8 டெசிபெல் இறங்கி நின்றால் அதே கணக்கு 31 விழுக்காடுதான். அதுவும் காகிதத்தில். ஓய்விலும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடும் ஏபி கிளாஸில் மேசை மேல் வைத்துப் பார்த்தபோது 24-ஐ ஒட்டித்தான் வந்தது. அப்படியென்றால் ஒரு ஆம்புக்கு 13 வாட், இரண்டுக்கும் 26 வாட். டிரைவருக்கு மிச்சமே இல்லை. உள்ளே போகும் மின்சாரத்தில் முக்கால்வாசி சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைக் கொண்டுபோக மின்விசிறியும் இல்லை.

இங்கேதான் டோஹர்ட்டி வருகிறது. பெல் ஆய்வகத்தில் வில்லியம் டோஹர்ட்டி 1936-இல் வெளியிட்ட சுற்று அது. பெரிய ஏஎம் வானொலி நிலையங்களின் மின்கட்டணத்தைக் குறைக்கப் பிறந்தது. உச்சங்கள் அதிகமுள்ள 3ஜி, 4ஜி சிக்னல்கள் வந்த பிறகு பேஸ் ஸ்டேஷன் உலகம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வேலை செய்யும் விதம் எளிது. மெயின் டிரான்சிஸ்டர் ஏபி கிளாஸில் எப்போதும் வேலையில் இருக்கும். பீக்கிங் டிரான்சிஸ்டர் சி கிளாஸில் பயாஸ் செய்யப்பட்டு, அதாவது ஓய்வு வோல்ட்டேஜைத் தாழ்த்தி வைக்கப்பட்டு, சும்மா இருக்கும், உச்சம் வரும்போது மட்டும் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே கால் அலைநீளக் கம்பி ஒன்று. பீக்கிங் சும்மா இருக்கும் வரை மெயினுக்கு 100 ஓம் சுமை தெரியும், அதனால் பாதி மின்னோட்டத்திலேயே முழு வோல்ட்டேஜ் ஊசலுக்குப் போய்விடும். பீக்கிங் விழித்ததும் அந்தச் சுமை மெல்ல 50 ஓமுக்கு இறங்கும். இப்படி, உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழேயே செயல்திறன் இன்னொரு முறை உச்சம் தொடும். சிக்னல் பெரும்பாலான நேரம் அந்தப் பகுதியில்தான் உலவுகிறது.

செயல்திறன் மட்டும் என்றால் பாதிக் கதைதான். சிக்னல் சுத்தமாக வெளியே போக வேண்டும். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் விதிப்படி பக்கத்துச் சேனலில் சிந்துவது 45 டெசிபெல் கீழே இருக்க வேண்டும், அதிக டேட்டா ஏற்றும் 256 க்யூஏஎம் முறைக்கு இவிஎம் என்ற சிக்னல் பிழை அளவு 3.5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். பேண்ட் 40-இல் இது வெறும் காகித விதி இல்லை. 2380-இலிருந்து 2400 வரை கேரியர் இருந்தால், அடுத்த 20 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருப்பது வைஃபையின் முதல் சேனல். சிறு செல் மாட்டுகிற அதே சுவரில் வைஃபை பெட்டியும் இருக்கும். நாம் சிந்தினால் பக்கத்தில் இருப்பவர்தான் நனைவார்.

டோஹர்ட்டி தன்னளவில் அவ்வளவு நேரியல்பான ஆம்ப் இல்லை. பீக்கிங் விழிக்கும் இடத்தில் கெயின் (பெருக்கும் அளவு) சரியும், ஃபேஸ் (அலையின் கட்டம்) திரும்பும். அதை டிஜிட்டலில் முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்புவதுதான் டிபிடி. நாற்பது, ஐம்பது வாட் மேக்ரோ நிலையத்தில் இந்தத் திருத்தத்துக்கு ஆகும் இரண்டு மூன்று வாட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்று வாட் ஆம்பில் அது பெரிய தொகை. ஆம்பை எவ்வளவு வேண்டுமானாலும் வளையவிட்டு, மிச்சத்தை டிபிடி பார்த்துக்கொள்ளும் என்று விடுகிற மேக்ரோ வழக்கம் சிறு செல்லுக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. ஆம்பையும் திருத்தியையும் சேர்த்து ஒரே வாட் கணக்கில் பார்க்க வேண்டும். கீழே வருகிற முடிவுகள் எல்லாம் அந்தக் கணக்கில் எடுத்தவைதான்.

போர்டும் இரும்பும்

டிரான்சிஸ்டர் காலியம் நைட்ரைடு சிஜிஎச்40010எஃப், இரண்டு. 28 வோல்ட்டில் ஒவ்வொன்றும் பத்து வாட்டுக்குச் சற்று மேல் தரும். இதைவிடச் சிறிய, பிளாஸ்டிக் உறையில் வரும், விலை குறைந்த பாகங்கள் இருக்கின்றன. முதல் போர்டுக்கு இதையே எடுத்தேன். இதன் மாடல் நம்பகமானது, பல பேர் கட்டிப் பார்த்த பாகம், தப்பித்தவறி மிகைச் சிக்னல் போனாலும் சட்டென்று செத்துவிடாது.

போர்டு ரோஜர்ஸ் ஆர்ஓ4350பி, 0.508 மில்லிமீட்டர் தடிமன். வடிவமைப்புக்கு மின்காப்பு மாறிலியை 3.66 என்று எடுத்தால், 50 ஓம் கம்பிக்கு அகலம் 1.1 மில்லிமீட்டர், இரு டிரான்சிஸ்டரும் சேருமிடத்தை வெளியே உள்ள 50 ஓமோடு பொருத்தும் 35 ஓம் கம்பிக்கு ஏறக்குறைய 1.9. நடு அலைவரிசையான 2350 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 19 மில்லிமீட்டரை ஒட்டி வரும். 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பது நடுவின் நாலு விழுக்காடுதான். கால் அலைநீளக் கம்பியின் குறுகிய அலைவரிசை பற்றி டோஹர்ட்டியில் வழக்கமாகச் சொல்லப்படும் கவலை இங்கே எழவில்லை.

கவலை வேறிடத்தில் இருந்தது. டிரான்சிஸ்டருக்கு மூன்று முனை: கட்டுப்படுத்தும் கேட், மின்சாரம் நுழையும் டிரெயின், அது வெளியேறும் சோர்ஸ். இந்த டிரான்சிஸ்டரின் அடித்தகடுதான் சோர்ஸ். அது செம்புத் தாங்கியில் எப்படி உட்காருகிறது என்பதில் கெயினும் நிலைத்தன்மையும் இருக்கின்றன. போர்டில் வெட்டிய ஜன்னலின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால்கூட, திரும்பிவரும் மின்னோட்டம் சுற்றிப் போக வேண்டியிருக்கும். செம்பில் குடைந்த பள்ளத்தின் ஆழம், கால்கள் போர்டு மேல் வளையாமல் படியும் அளவுக்கு இருக்க வேண்டும். பள்ளம் ஆழமாகிவிட்டால் காலைக் கீழே வளைத்துச் சால்டர் செய்யத் தோன்றும். செய்யக் கூடாது. தகட்டைத் திருகில் இறுக்கும்போது பீங்கான் உடலோடு கால் சேரும் இடத்தில் இழுவை விழும். முதலில் தகட்டுக்கு அடியில் மெல்லிய இண்டியம் தாள், அப்புறம் இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது, கடைசியாகத்தான் கால்களைச் சால்டர் செய்வது. இந்த வரிசையை நான் எங்கும் மாற்றுவதில்லை.

மின்சாரம் கொடுப்பதிலும் வரிசை உண்டு. காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் கேட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் டிரெயினில் மின்னோட்டம் தடையின்றி ஓடும். முதலில் கேட்டுக்கு மைனஸ் 5 வோல்ட்டுக்குக் கீழே, பிறகு டிரெயினுக்கு 28 வோல்ட், அதன் பிறகே கேட்டை மெல்ல ஏற்றி ஓய்வு மின்னோட்டத்தை வைப்பது. அணைக்கும்போது தலைகீழ். மேசையில் இதைக் கையால் செய்யலாம். கம்பத்தில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. அதனால் நெகட்டிவ் வோல்ட்டேஜ் சரியாக வந்துவிட்டது என்று ஒரு கம்பேரேட்டர் சொன்ன பிறகே டிரெயின் பக்கத்து பி-சேனல் மாஸ்ஃபெட் திறக்கும்படி வைத்தோம். மென்பொருளை நம்பாத பூட்டு அது.

சிக்னல் கொடுப்பதற்கு முன், 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஒரு பார்வை. கேட்டில் தொடராக வைத்த ரெசிஸ்டரும் அதன் மேல் சில பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் கீழ் அலைவரிசைகளில் அதிகக் கெயினை அமுக்கிவிடும். பயாஸை மெதுவாக ஏற்றியும், வெளியே கேபிளைக் கழற்றி மாட்டியும், எங்கும் அலைவு இல்லை என்று உறுதி செய்த பின்பே மேலே போனோம். எல்லாச் சோதனையும் அட்டென்யுவேட்டர் வழியாக 50 ஓம் சுமைக்குள்தான். இது உரிமம் பெற்றவர்களின் அலைவரிசை. ஆண்டெனா மாட்டிப் பார்க்கும் ஆசை வரக் கூடாது.

ஏழு மில்லிமீட்டர்

டோஹர்ட்டி பற்றிய படங்களில் டிரான்சிஸ்டர் ஒரு வட்டம், அதிலிருந்து நேராகக் கால் அலைநீளக் கம்பி. நிஜத்தில் நடுவே உறையின் இண்டக்டன்ஸ், டிரெயின் கெப்பாசிட்டன்ஸ், மேட்சிங் கம்பிகள் எல்லாம் இருக்கின்றன. சிப்புக்குள்ளே மின்னோட்டம் பிறக்கும் இடத்தில் முழு பவரில் ஏறக்குறைய 30 ஓம், பின்வாங்கி நிற்கும்போது 60 ஓம் தெரிய வேண்டும். வெளியே 50, 100 என்று மாறுவது உள்ளே 30, 60 என்று தானாக மாறிவிடாது. மேட்சிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபேஸ் ஒத்துவரவில்லை என்றால் 100 ஓம் வெளியே தெரியும்போது உள்ளே 15 தெரியும், டோஹர்ட்டி தலைகீழாக வேலை செய்யும். இதைச் சரிசெய்வது, ஃபேஸை ஒத்துவரச் செய்யக் கூடுதலாகச் சேர்க்கும் ஆஃப்செட் கம்பி. முழுச் சுற்றையும் கட்டுவதற்கு முன் பீக்கிங் கிளையை மட்டும் தனிப் போர்டில் கட்டியது இதற்காகத்தான்.

பீக்கிங் கேட்டில் மைனஸ் 5.4 வோல்ட், டிரெயினில் 28 வோல்ட், சிக்னல் இல்லை. நெட்வொர்க் அனலைசரை வெளிவாயில் வைத்துப் பார்த்தால், மின்மறுப்பை வட்டத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் ஸ்மித் சார்ட்டின் விளிம்பை ஒட்டி, மேல்பாதியில், சுமார் 70 டிகிரியில் புள்ளி நின்றது. விளிம்பில் இருப்பது நல்லது, பவரைத் தின்னாது என்று பொருள். ஆனால் வலது ஓரத்துக்கு, திறந்த சுற்று என்ற இடத்துக்கு, அது வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தூங்குகிற பீக்கிங், மெயினின் பவரில் பங்கு கேட்கும். கம்பியைச் சேர்த்தால் புள்ளி அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு கோணம் கடிகாரத் திசையில் சுழலும். 70 டிகிரி சுழல 35 டிகிரி கம்பி. 90 டிகிரிக்கு 19 மில்லிமீட்டர் என்றால் 35-க்கு ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவுதான் சேர்த்தது. மெயின் பக்கத்து ஆஃப்செட்டை, வெளியே 100 ஓம் சுமை கொடுத்து, சராசரி பவரில் செயல்திறன் எங்கே ஏறுகிறது என்று பார்த்துத் தேர்ந்தோம். கம்பிகளின் ஓரத்தில் சின்னச் செம்புத் தீவுகளை விட்டிருந்தது இங்கே கைகொடுத்தது. சால்டர் பாலம் போட்டால் நீளம் கூடும், எடுத்தால் குறையும்.

உள்ளீட்டுப் பிரிப்பு சமமாக இல்லை. சி கிளாஸில் கிடக்கும் பீக்கிங்குக்கும் மெயினுக்கும் ஒரே அளவு சிக்னல் கொடுத்தால், உச்சத்தில் பீக்கிங் தன் முழு மின்னோட்டத்தைத் தராது, மெயினின் சுமை 50 ஓம் வரை இறங்காது, 43 டிபிஎம் வரவேண்டிய இடத்தில் 42-தான் வரும். பீக்கிங்குக்கு மெயினைப் போல ஒன்றரை மடங்கு போகும்படி வில்கின்சன் பிரிப்பானை மாற்றி அமைத்தோம். மெயினுக்கு வருவது மொத்தத்தில் 40 விழுக்காடு ஆகிவிடுவதால் கெயினில் ஒரு டெசிபெல் போனது. மொத்தக் கெயின் 12 டெசிபெல்லை ஒட்டி நின்றது. டிரைவரைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியதாயிற்று, அதற்கு ஓர் ஆண்டெனாவின் கிளைக்கு இரண்டு வாட்.

பவரை அளப்பது பற்றி ஒரு வார்த்தை. செயல்திறன் எண்ணைச் சொல்வதற்கு முன் கேபிளையும் அட்டென்யுவேட்டரையும் அதே அலைவரிசையில், சூடேறிய பிறகு அளந்து கழிக்க வேண்டும். 0.2 டெசிபெல் பிசகினால் பவரில் 4.7 விழுக்காடு பிசகு. 45 விழுக்காடு என்று நாம் எழுதுவது 43 ஆகவோ 47 ஆகவோ இருக்கும். இரண்டு புள்ளி முன்னேற்றத்துக்காக ஒரு வாரம் உழைக்கிற துறையில் இது சின்ன விஷயம் இல்லை. உச்சம் அதிகமான சிக்னலுக்கு வெப்ப வகை சென்சாரைத்தான் நம்பினோம்.

ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த தோள்

20 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்ததும் சராசரி 35 டிபிஎம்மில் செயல்திறன் 45-க்கு மேல் வந்தது. ஸ்பெக்ட்ரம்தான் கேள்வி எழுப்பியது. திருத்தம் இல்லாமல், மேல் சேனலில் சிந்தியது 32 டெசிபெல் கீழே, கீழ் சேனலில் 27. சேனலின் இரு பக்கமும் சிந்துவதால் எழும் இரண்டு தோளும் சமமாக உயர்ந்திருந்தால் அது ஆம்பின் சாதாரண வளைவு, டிபிடி எளிதாக நிமிர்த்திவிடும். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் ஆம்புக்கு நினைவு இருக்கிறது என்று பொருள்: இப்போது வெளியே வருவது, சற்று முன் என்ன போனது என்பதையும் பொறுத்தது.

இரண்டு தனி அலைகளை ஒன்றாகக் கொடுக்கும் இரண்டு டோன் சோதனைக்குப் போனோம். டோன்களுக்கு இடையிலான தூரத்தை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 வரை நகர்த்திக்கொண்டே மூன்றாம் படிச் சிதறலின் இரு பக்கத்தையும் குறித்தோம். 13 மெகாஹெர்ட்ஸ் அருகில் கீழ்ப் பக்கம் மேடு கட்டியது. காரணம் டிரெயின் பயாஸ் கம்பியில் இருந்தது. கால் அலைநீளப் பயாஸ் கம்பியின் முனையில் 10 பிக்கோஃபாரட், பக்கத்தில் 10 நானோஃபாரட், அதிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளிப் பெரிய கெப்பாசிட்டர். அந்த 20 மில்லிமீட்டர் மெல்லிய தடம் ஏறக்குறைய 15 நானோஹென்றி. 15 நானோஹென்றியும் 10 நானோஃபாரடும் சேர்ந்தால் ஒத்ததிர்வு 13 மெகாஹெர்ட்ஸ். கணக்கு மேசையில் பார்த்ததோடு அப்படியே பொருந்தியது. சிக்னலின் உறை அந்த வேகத்தில் மின்னோட்டம் கேட்கும்போது டிரெயின் வோல்ட்டேஜ் 28-இல் நிற்காமல் ஆடுகிறது. ஆடும் டிரெயின் சிக்னலை மாடுலேட் செய்கிறது.

மருந்து எளிது: 4.7 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரை அந்த 10 பிக்கோஃபாரடின் பக்கத்திலேயே வைத்தோம். இங்கே ஒரு கவனம் வேண்டும். 50 வோல்ட் எக்ஸ்7ஆர் என்று எழுதியிருக்கும் பாகம் 28 வோல்ட் மேலே விழுந்ததும் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்துவிடும். 100 வோல்ட் பாகம், உடல் பெரியது, எடுத்தோம். கூடவே பழைய எலக்ட்ரோலிட்டிக்கையும் எடுக்காமல் விட்டோம். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் மிச்சமுள்ள ஒத்ததிர்வை அமுக்கும். இரு தோளும் ஒரு டெசிபெல் வித்தியாசத்துக்குள் வந்து நின்றன.

இந்த நாலு ரூபாய் வேலையைச் செய்யாமல், டிபிடி மாடலில் நினைவுப் படிகளைக் கூட்டியும் அதே ஸ்பெக்ட்ரத்தைக் கொண்டுவர முடியும். நாங்கள் அதையும் ஓட்டிப் பார்த்தோம், வந்தது. ஆனால் அந்தக் கூடுதல் கணக்கை ஒவ்வொரு நொடியும், வாழ்நாள் முழுக்க, எஃப்பிஜிஏ (டிபிடி கணக்கு ஓடும் சிப்) செய்துகொண்டிருக்க வேண்டும்.

கேட் வோல்ட்டேஜும் டிபிடியும் ஒரே தராசில்

அடுத்து பீக்கிங் கேட். மைனஸ் 4.5-இலிருந்து மைனஸ் 6.5 வரை நகர்த்திப் பார்த்தோம். ஆழமாக இறக்கினால் பீக்கிங் தாமதமாக விழிக்கிறது, சராசரியில் செயல்திறன் ஏறுகிறது, விழிக்கும் இடத்தில் கெயின் பள்ளமும் ஃபேஸ் திருப்பமும் கூர்மையாகின்றன. மேலே ஏற்றினால் எல்லாம் மென்மையாகிறது, செயல்திறன் இறங்குகிறது. மைனஸ் 6-இல் 48 விழுக்காடு கிடைத்தது. ஆனால் ஏழாம் படி, மூன்று நினைவு என்று 21 குணகங்கள் கொண்ட சாதாரண மெமரி பாலினாமியல் (டிபிடியின் கணித மாடல்) அங்கே பக்கத்துச் சேனல் சிந்தலை 44 டெசிபெல் கீழே கொண்டுவந்ததோடு திணறி நின்றுவிட்டது. குறுக்கு உறுப்புகளைச் சேர்த்து அறுபதுக்கு மேல் குணகங்கள் கொடுத்தபோதுதான் 49 வந்தது. மைனஸ் 5.4-இல் செயல்திறன் 45.5. அங்கே அதே 21 குணகங்களில் 50 கிடைத்தது.

இப்போது வாட்டாக மாற்றிப் பார்ப்போம். 3.16 வாட்டை 48 விழுக்காட்டில் எடுக்க 6.6 வாட், 45.5-இல் எடுக்க 6.95. வித்தியாசம் மூன்றில் ஒரு வாட். பெரிய மாடலுக்கு எஃப்பிஜிஏவில் ஒரு கிளைக்குக் கூடுதலாக ஆனது ஏறக்குறைய ஒரு வாட். மைனஸ் 5.4-ஐ வைத்துக்கொண்டோம். ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் 48 அழகாக இருக்கும். பெட்டியின் மொத்த மின்சாரத்தில் 45.5-தான் ஜெயிக்கிறது. வெப்பம் கூடும்போது 50 கொஞ்சம் இறங்கினாலும் விதியின் 45-க்கு மேல் இடம் மிச்சம் இருக்கிறது என்பது கூடுதல் லாபம்.

டிபிடி பயிற்சியில் முதலில் பார்க்க வேண்டியது நேர ஒழுங்கு. போன சிக்னலும் திரும்பி வந்த சிக்னலும் ஒரு சாம்பிளின் சிறு பின்னம் வரை ஒத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிசகை மாடல் ஆம்பின் நினைவு என்று எடுத்துக்கொண்டு வீணாக உழைக்கும். திரும்பக் கேட்கும் பாதைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொடுத்தோம், ஐந்தாம் படிச் சிதறல் அவ்வளவு தூரம் பரவும்.

ஐந்து மில்லிசெகண்டுக்கு ஒரு முறை

தொடர் சிக்னலில் எல்லாம் நன்றாக இருந்த ஆம்ப், டிடிடியில் வேறு முகம் காட்டியது. டிடிடியில் அனுப்புதலும் கேட்டலும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். எங்கள் அமைப்பில் 5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஆம்பை அணைத்துத் திரும்ப எழுப்ப வேண்டும். அணைந்திருக்கும்போது அதன் இரைச்சல் மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 85 டிபிஎம்முக்குக் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் நம் ரிசீவரே காது கேளாமல் போகும். மாறுவதற்கு விதி தரும் நேரம் 17 மைக்ரோசெகண்ட்.

கேட்டை இழுத்து அணைக்கிறோம் என்றால், கேட்டில் தொங்கும் கெப்பாசிட்டர் முட்டுக்கட்டை. டிரெயினில் பெரிய கெப்பாசிட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். கேட்டில் அதற்கு நேர்மாறு. 1 மைக்ரோஃபாரடும் 10 ஓமும் இருந்தால் நேர மாறிலி 10 மைக்ரோசெகண்ட். 17-க்குள் அது அடங்கி நிற்காது. 22 நானோஃபாரடுக்கு இறக்கினோம், அதனால் கேட் பக்கத்தின் கீழ் அலைவரிசை நிலைத்தன்மை கெடவில்லை என்று மறுபடி சோதித்தோம்.

அடுத்தது காலியம் நைட்ரைடுக்கே உரிய குணம். பெரிய வோல்ட்டேஜ் ஊசலுக்குப் பிறகு எலக்ட்ரான்கள் படிகக் குறைகளில் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் விடுபடுகின்றன. ஓய்வு மின்னோட்டம் வைத்த இடத்தில் நிற்காமல் சரிந்து, மில்லிசெகண்ட் கணக்கில் திரும்ப ஏறும். டவுன்லிங்கின் முதல் சில சிம்பல்களில் (சிக்னலின் சிறு நேரத் துண்டுகளில்) ஆம்பின் கெயின் ஒரு மாதிரியும் பிறகு வேறு மாதிரியும் இருக்கும். தொடர் சிக்னலில் பயிற்சி பெற்ற குணகங்களை அப்படியே டிடிடியில் போட்டால் முதல் சிம்பல்களில் இவிஎம் ஏறி நிற்பது இதனால்தான். ஸ்பெக்ட்ரம் அனலைசரைச் சராசரியில் வைத்துப் பார்த்தால் இது கண்ணில் படாது. சிம்பல் சிம்பலாகப் பார்க்க வேண்டும். இரண்டு காரியம் செய்தோம். பயிற்சிக்கான பதிவை டவுன்லிங்கின் தொடக்கத்தையும் சேர்த்து எடுத்தோம். எழுப்பியவுடன் மெயின் கேட்டுக்கு ஒரு சிறு ஏற்றம் கொடுத்து, ஒரு மில்லிசெகண்டில் பழைய நிலைக்கு இறக்கினோம். ஏற்றத்தின் அளவை அனுபவத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். கொஞ்சம் அதிகமானாலும் எதிர்ப்பக்கம் கெடும்.

பெட்டி மூடிய பிறகு

எண்களைக் கூட்டினால் இரண்டு ஆம்ப் 14 வாட், டிரைவர்கள் 4, டிபிடி 3. மொத்தம் 21. கையிருந்த 26-க்குள் வந்துவிட்டது.

சென்னை மே மாத வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டிய அலுமினியப் பெட்டியின் உள்ளே, ஹீட் சிங்க் 85 டிகிரி வரை போகலாம் என்று வைத்துக்கொண்டோம். மெயின் டிரான்சிஸ்டரில் மூன்று வாட் சூடு, வெப்பத் தடை வாட்டுக்கு 8 டிகிரி, ஆக சேனல் இன்னும் 24 டிகிரி மேலே. அந்தப் பாகம் 225 வரை தாங்கும். டிரான்சிஸ்டர் பற்றிப் பயமே இல்லை. பயம் பக்கத்தில் இருக்கும் கடிகாரப் படிகத்துக்கும் எலக்ட்ரோலிட்டிக்குக்கும்தான். அதனால் ஆம்பைப் பெட்டியின் மேல் ஓரத்தில், நேரே துடுப்புகளோடு ஒட்டி வைத்து, கடிகாரத்தை எதிர் மூலைக்குக் கொண்டுபோனோம். ஆம்பின் மேல் மூடும் கவசத் தகட்டை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தியே வைக்க வேண்டியிருந்தது, அதற்குக் கீழே இறங்கினால் 35 ஓம் கம்பியின் மேல் அதன் பாதிப்பு அளவீட்டில் தெரிந்தது.

வெப்ப அறையில் 85-இல் ஓட்டியபோது பக்கத்துச் சேனலின் 50 டெசிபெல் 47-க்கு இறங்கியது. கேட் வோல்ட்டேஜை வெப்ப சென்சார் சொல்படி டிஏசி (எண்ணை வோல்ட்டேஜாக மாற்றும் சிப்) நகர்த்தும்படி செய்ததும் ஒரு டெசிபெல் திரும்பியது.

இரண்டாவது ஆண்டெனாவின் கிளையைக் கட்டும்போது அதே மைனஸ் 5.4-ஐப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே வகை டிரான்சிஸ்டரிலும் திறக்கும் வோல்ட்டேஜ் பாகத்துக்குப் பாகம் பத்தில் ஒன்றிரண்டு வோல்ட் மாறும், பீக்கிங் விழிக்கும் இடம் அதோடு நகரும். எனவே ஒவ்வொரு பாகத்துக்கும் முதலில் 80 மில்லிஆம்பியர் ஓடும் கேட் வோல்ட்டேஜைக் கண்டு, மெயினை அங்கே வைத்து, பீக்கிங்கை அதன் சொந்த அளவிலிருந்து இரண்டரை வோல்ட் கீழே வைக்கிறோம். அந்த இரண்டு எண்ணும் போர்டின் ஈப்ராம் நினைவகத்தில் எழுதப்பட்டு, ஆம்போடு சேர்ந்தே போகின்றன.